பத்து நிமிஷ வேலை

கலாட்ஸ்,
நவம்பர் 9

அன்புள்ள துடோரெலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வலது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ எப்படி இருக்கிறாய்? டானா எப்படி? குட்டி மாத்தேயோவுக்குக் கடைவாய்ப் பல் வந்துவிட்டதா?

உன் பார்சலோடு ஃபனிகாவின் வேன் சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. காப்பித்தூள், சீஸ், சோப்பு எல்லாம் பத்திரம். அடியில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. உள்ளே சோப்புக் கட்டி மாதிரி சின்னதாய் ஒன்று, பெரிதாய் ஒன்று, நாலு திருகாணி, பதினோரு மொழியில் ஒரு புத்தகம். நம் மொழி ஒன்பதாவதாக வருகிறது. முழுக்கப் படித்தேன். தெர்மோஸ்டாட்டாம், வீட்டுக்குச் சூடு தரும் பாய்லரை அதுவே பார்த்து எரிய வைத்து அணைக்குமாம். பெரியதைப் பாய்லரோடு ஒயரால் இணைக்க வேண்டுமாம், சின்னது பேட்டரியில் ஓடுமாம், அதை அறையில் வைத்தால் போதுமாம். என் வீட்டில் எத்தனை டிகிரி என்று நீ இத்தாலியில் உட்கார்ந்தபடி போனில் பார்ப்பாயாம். ஏன்டா, நான் என்ன அடுப்பில் வைத்த கேக்கா?

எனக்குக் குளிரவில்லை. இருபத்து நாலு வருஷம் உருக்காலையில் கிரேன் ஓட்டியவள் நான். ஜனவரியில் அந்தக் கூண்டுக்குள் மூச்சு விட்டால் கண்ணாடியில் உறையும். பதினாறு டிகிரி எனக்குக் கோடைக்காலம். அதுவும் நம் வீடு நடுவில் மாட்டிக்கொண்ட வீடு. மேலே, கீழே, இரண்டு பக்கமும் ஆள். நாலு பேரும் பாய்லரைப் போட்டு எரிக்கும்போது நான் எதற்குத் தனியாக எரிக்க வேண்டும்? சுவரில் முதுகைச் சாய்த்தால் போதும். இந்தக் கட்டடத்தில் எல்லோரும் இதைத்தான் செய்யப் பார்க்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் சாமர்த்தியம் அதிகம்.

கீழ்வீட்டு மனிதருக்கு மட்டும்தான் வயிற்றெரிச்சல். மூன்றாம் மாடி பாண்டெலே, உனக்கு ஞாபகம் இருக்கும், மீசைக்காரர். அவர் வீட்டுக் கூரை ஐஸாய்க் கிடக்கிறதாம், அவர் சூட்டை நான் உறிஞ்சிக்கொள்கிறேனாம். விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடிக்கிறார். நேற்று மாடிப்படியில் மறித்துக்கொண்டார்.

"எட்டு வருஷமா உங்க பாதத்துக்கு நான் கணப்பு மூட்டிக்கிட்டு இருக்கேன் மேடம். ஒரு நன்றி உண்டா?"

"சூடு தானா மேல ஏறுது. நான் என்ன கயிறு போட்டா இழுக்கறேன்?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பெட்டியை அடுத்த வேனில் திருப்பி அனுப்புகிறேன். டானாவுக்கு என் முத்தம்.

உன் அம்மா,
வெத்தூரியா


பிரெஷ்யா,
நவம்பர் 16

அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். பல் வந்துவிட்டது, நேற்று என்னைக் கடித்தும் காட்டினான். உன் முழங்காலுக்கு ஒரு களிம்பு வைத்திருக்கிறேன்.

பெட்டியைத் திருப்பி அனுப்பாதே. முக்கியமான விஷயத்தைப் போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துவோம், அதனால் காகிதத்தில்தான் பேச வேண்டும் என்று சொன்னது நீ. அதனால் காகிதத்திலேயே கேட்கிறேன். போன பிப்ரவரியில் நிமோனியா வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். எனக்கு எப்போது சொன்னாய்? ஈஸ்டருக்கு! அதுவும் "முட்டைக்குச் சாயம் போட்டேன், நிமோனியா சரியாகிவிட்டது" என்று ஒரே வரியில். அந்த வரியைப் படித்துவிட்டு நான் வேலை செய்யும் கிடங்கில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன்.

எனவே இதுதான் ஒப்பந்தம். தெர்மோஸ்டாட்டை மாட்டு. இந்தக் குளிர்காலத்தில் வீடு பத்தொன்பது டிகிரிக்குக் கீழே போவதை நான் போனில் பார்த்தால், ஃபனிகாவின் வேனில் ஏறி வருவேன். உன்னையும் உன் தையல் மிஷினையும் ஏற்றிக்கொண்டு இங்கே வந்துவிடுவேன். வீட்டை விற்றுவிடலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இரண்டே ஒயர், பத்து நிமிஷ வேலை. ஆனால் நீ கை வைக்காதே! உன்னை எனக்குத் தெரியும். பாய்லர் வேலைக்கு உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடு.

கோபமும் பாசமுமாக,
துடோரெல்


கலாட்ஸ்,
நவம்பர் 30

அன்பு மகனே,

உடம்புக்கு ஒன்றுமில்லை. களிம்பு நல்ல களிம்பு, வாசனைக்கே வலி ஓடிவிடும் போலிருக்கிறது.

மிரட்டிவிட்டாய் அல்லவா, மாட்டியாகிவிட்டது. ஊரில் உரிமம் உள்ளவர்களில் ஆறு பேருக்குப் போன் போட்டேன். முதல் குளிர் வந்ததும் எல்லோருடைய பாய்லரும் ஒரே நாளில் படுத்துவிடுமே, எல்லோரும் ஜனவரிக்கு அப்புறம்தான் என்றார்கள். ஏழாவது ஆள் யார் தெரியுமா? நம் கீழ்வீட்டு மனிதர். முப்பத்தோரு வருஷம் அதே தொழில். என் விதி! பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

"என்ன மேடம், இடிக்கற சத்தம் கேக்கலையா, நேர்ல வந்துட்டீங்க?"

"உங்க கூரைக்கு மருந்து கொண்டாந்திருக்கேன். பையன் அனுப்பிச்சது. இதை மாட்டிட்டா இனிமே நானும் பாய்லர் போட்டே ஆகணும்."

மனிதர் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "சட்டை மாத்திக்கிட்டு வந்துடறேன், அஞ்சே நிமிஷம்!"

இஸ்திரி போட்ட சட்டை. வீட்டுக்குள் போட்டுக்கொள்ளச் செருப்பைக்கூடச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தார், என் தரை அழுக்காகக் கூடாதாம். ஒரு சிவப்பு ஒயர், ஒரு வெள்ளை ஒயர். பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார், சும்மா சொல்லக்கூடாது, கை சுத்தம். அப்புறம் சர்மாலே சாப்பிடச் சொன்னேன். இறைச்சியைச் சுற்றிய முட்டைக்கோஸ் இலை மெல்லிசாக இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் புகழ்ந்துகொண்டே ஒன்பது சாப்பிட்டார். பத்து நிமிஷ வேலைக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் காலையில் எழுந்தால் வீடு இருபத்தேழு டிகிரி. பாய்லர் நிற்கவே மாட்டேன் என்கிறது. டார்ச் எடுத்து மூடிக்குள் எட்டிப் பார்த்தேன். நான் தொடவில்லை, நீதான் தொடாதே என்றாயே. நேராகக் கீழே போய், "உங்க வேலை சரியில்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் வருகிறாராம்.

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பத்தொன்பதுக்குக் கீழே போகவில்லை பார்த்தாயா?

உன் அம்மா


பிரெஷ்யா,
டிசம்பர் 7

அம்மா,

நாங்கள் நலம். உன்னைப் பற்றித்தான் கவலை. எட்டு நாளாக இருபத்தேழு, இருபத்தெட்டு! போனில் சிவப்பாகக் காட்டுகிறது. உன்னை என்ன ஊறுகாய் போடுகிறார்களா?

எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதே, நேற்று முழுக்க வீடியோ பார்த்தேன். எந்தப் பாய்லரிலும் தெர்மோஸ்டாட் ஒயர் போகும் இரண்டு முனைகளுக்கும் நடுவே கம்பெனியிலேயே ஒரு குட்டி ஒயர்த் துண்டு போட்டு அனுப்புவார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத வீட்டிலும் பாய்லர் ஓட வேண்டுமே, அதற்காக. அதைப் பாலம் என்கிறார்கள். தெர்மோஸ்டாட் மாட்டும்போது அந்தப் பாலத்தை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் தெர்மோஸ்டாட் 'போதும், நிறுத்து' என்று சொன்னாலும் பாய்லர் காதில் வாங்காது. தொழில் கற்க வந்த முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்களாம். உன் முப்பத்தோரு வருஷக்காரருக்கு இது தெரியாதா? அந்த ஆள் நிஜமாகவே உரிமம் வைத்திருக்கிறாரா, சர்மாலே தின்ன வந்தவரா?

இதை அவரிடம் படித்துக் காட்டு.

துடோரெல்


கலாட்ஸ்,
டிசம்பர் 20

அன்புள்ள துடோரெலுக்கும் டானாவுக்கும் குட்டிப் பயலுக்கும்,

எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. எனக்குச் சளி கிடையாது, இருமல் கிடையாது, சந்தேகம் இருந்தால் மருந்துக்கடைக்காரியைக் கேள்.

திரு. பாண்டெலே இதுவரை ஆறு முறை வந்துவிட்டார். இரண்டாம் முறை மூடியைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தார். "ரேடியேட்டர்ல காத்து அடைச்சிருக்கு" என்று அறைகளைச் சூடாக்கும் ஐந்து ரேடியேட்டரிலும் காற்றைப் பிடுங்கினார். மூன்றாம் முறை பேட்டரி மாற்றினார். நாலாம் முறை, சின்னதை வைத்த இடம் சரியில்லை, காற்று வீசும் இடத்தில் வைக்கக் கூடாது, டி.வி. பக்கம் கூடாது, அடுப்பு பக்கம் கூடாது என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். படுக்கையறை வாசலில் மட்டும் நின்றுவிட்டார், உள்ளே வரமாட்டேன் என்றார். ஐந்தாம் முறை உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். 'சர்மாலே தின்ன வந்தவரா' என்ற இடத்தை முழுங்கிவிட்டேன். காது நுனி வரைக்கும் சிவந்துவிட்டார், பாவம். அரை நிமிஷத்தில் அந்தத் துண்டைப் பிடுங்கிவிட்டார். வீடு இப்போது இருபது, கனகச்சிதம். ஆறாம் முறை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தார். இருந்தது.

செயின்ட் நிக்கோலஸ் பூட்ஸில் பரிசு போட்டுவிட்டுப் போகும் நாள் காலையில், கதவுக்கு வெளியே காயவைத்த என் பூட்ஸுக்குள் யாரோ இரண்டு ஆரஞ்சுப் பழம் போட்டிருந்தார்கள். ஐந்தாம் மாடிக் குழந்தைகளாக இருக்கும்.

பார்சலில் சர்மாலே, ஒரு ஜாடி கத்தரிக்காய் சகூஸ்கா, வால்நட் போட்ட ரொட்டி. சர்மாலே சிலது குண்டாக இருந்தால் கேள்வி கேட்காமல் சாப்பிடு, எல்லாவற்றையும் நானே சுருட்டவில்லை.

முத்தங்களுடன்,
அம்மா


பிரெஷ்யா,
ஜனவரி 25

அம்மாவுக்கு,

இந்த மாதம் உன்னிடமிருந்து இரண்டு பார்சல் வந்தது. இரண்டிலும் கடிதம் இல்லை. ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்துக்கூடப் பார்த்தேன். உடம்பு சரியில்லையா? ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது குரல் நன்றாகத்தான் இருக்கிறது. ரொம்ப நன்றாக இருக்கிறது, அதுதான் சந்தேகம்.

இன்னொரு விஷயம். வீட்டில் இரவும் பகலும் இருபத்திரண்டரை. பார்க்க எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? தினமும் தூங்குவதற்கு முன் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். டானா சிரிக்கிறாள். ஆனால் பாய்லர் எரிந்த நேரத்தையும் அதே போன் காட்டுகிறது. ஜனவரி மூன்றாம் தேதிக்குப் பிறகு உன் பாய்லர் ஒரு நிமிஷம்கூட எரியவில்லை! வெளியே மைனஸ் ஒன்பது, உள்ளே இருபத்திரண்டரை, நெருப்பே இல்லை. எப்படி? கிடங்கில் கேட்டேன். "உங்கம்மா வீட்டுக்குள்ள மாடு கட்டியிருக்காங்களா?" என்கிறான் ஒருவன்.

அதோடு தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குச் சூடு ஒன்றரை டிகிரி ஏறுகிறது. ஏழு மணிக்குச் சமைக்கிறாயா? எனக்குத் தெரிந்து நீ ஐந்தரைக்குச் சாப்பிட்டு முடித்துவிடுவாய்.

பதில் போடு.

துடோரெல்


கலாட்ஸ்,
மார்ச் 1

அன்பு மகனே,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. முழங்கால் நன்றாக இருக்கிறது, படி ஏறுவது குறைந்ததால் இருக்கலாம்.

மாட்டுக் கதையெல்லாம் அளக்காதே. நம் கட்டடம் எப்படி என்று உனக்குத்தான் தெரியுமே. பாண்டெலே இந்த வருஷம் நன்றாகக் கணப்பு போடுகிறார், அவர் வீட்டுச் சூடு முழுக்க எனக்குத்தான். நான் சுத்தமான உண்மையை எழுதுகிறேன். கூரையை இடிப்பதையும் நிறுத்திவிட்டார்.

சமையல் நேரம் மாறிவிட்டது. வயதானால் பசி தள்ளிப் போகிறது. கடிதம் எழுதாததற்குக் காரணம், எழுத உட்கார்ந்தால் வேறு ஏதாவது வேலை வந்துவிடுகிறது. சீட்டாட்டமும் ஒரு வேலைதானே.

இன்றைக்கு மார்ச் முதல் தேதி, வசந்தத்துக்கு நூல் கட்டும் நாள். குழந்தைக்கும் டானாவுக்கும் சிவப்பு வெள்ளை நூல் வைத்திருக்கிறேன், மணிக்கட்டில் கட்டிவிடு. எனக்கும் ஒன்று வந்தது. கடையில் வாங்கியது இல்லை, சிவப்பு ஒயரையும் வெள்ளை ஒயரையும் முறுக்கிச் செய்தது. ரொம்ப உறுதி.

உங்களை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா


கலாட்ஸ், பி-4 கட்டடம், இரண்டாம் படிக்கட்டு,
ஏப்ரல் 7

துடோரெல் தம்பிக்கு,

கட்டட நிர்வாகி அக்லாயா எழுதுவது. எனக்கு ரத்தக்கொதிப்பு, அதைக் கேட்க இந்தக் குடும்பத்தில் யாருக்கும் நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ஒழுங்காக எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். பிறகு யாரும் என்மேல் பழி போடக் கூடாது.

பகல் பன்னிரண்டு மணிக்கு நீ போனில் அலறினாய். "அக்லாயாக்கா! அம்மா வீட்ல ஒம்பது டிகிரி! நேத்துலேந்து பாய்லர் நிக்காம எரிஞ்சும் சூடே ஏறல! ஜன்னல் ஒடஞ்சிருக்கு, அம்மா எங்கியோ விழுந்து கெடக்கறா, போனை எடுக்கல, கதவை ஒடைங்க!"

உடைத்தோம். பூட்டுக்காரர், நான், ஐந்தாம் மாடி முழுக்க. உள்ளே காலை வைத்ததும் என் மூக்குக் கண்ணாடி மூடிக்கொண்டது. சுவரில் தொங்கும் பழைய தெர்மாமீட்டரில் முப்பத்து நாலு! மேஜைமேல் கோயில் மெழுகுவர்த்தி வளைந்து படுத்திருந்தது. உன் அம்மாவின் லேண்ட்லைன் போன் அங்கேயே கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தால் நீதான்.

"ஒம்பது டிகிரி, அக்கா!" என்று நீ.

"தம்பி, இங்க முட்டைய வெச்சா குஞ்சு பொரிக்கும்!" என்று நான்.

உன் அம்மா இல்லை. படுக்கை விரித்து இஸ்திரி போட்டாற்போல் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி அணைந்து, மூடாமல் இருக்கக் கதவில் ஒரு கரண்டி செருகியிருக்கிறது. மேஜையில் தூசி. மூன்று மாதமாக அங்கே யாரும் குடியிருக்கவில்லை என்று குழந்தைக்கும் தெரியும்.

அப்போதுதான் படியில் சிரிப்புச் சத்தம். உன் அம்மா கையில் லைலாக் பூங்கொத்து, பாண்டெலே கையில் பெட்டி. தெகுச் ஊரில் பாண்டெலேவின் தங்கை வீட்டு விருந்துக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வருகிறார்கள். எங்களைப் பார்த்ததும் உன் அம்மா, "யார் செத்தது?" என்றாள். "நீங்கதான்" என்றார் பூட்டுக்காரர்.

அந்தச் சின்ன டப்பா எங்கே இருந்தது தெரியுமா? மூன்றாம் மாடியில், பாண்டெலேவின் சமையலறையில், ரொட்டிப் பெட்டிமேல். நீ அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். அங்கே குளிர்ந்ததும் இங்கே நாலாம் மாடிப் பாய்லர் எரிந்தது. இங்கே எவ்வளவு எரிந்தாலும் அங்கே சூடாகுமா?

உனக்குத் தெரியாது என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்தப் படிக்கட்டில் உன் அம்மாவின் பூனைக்குக்கூடத் தெரியும். அது கிறிஸ்துமஸிலிருந்தே மூன்றாம் மாடியில்தான் சாப்பிடுகிறது.

அக்லாயா


பிரெஷ்யா,
ஏப்ரல் 13

அம்மாவுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலம்தான் என்று கேள்விப்பட்டேன்.

எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் இல்லை. நீ தனியாக இல்லை என்பதில் ஒரு பக்கம் எனக்குச் சந்தோஷம்கூட. ஆனால் மறுபடியும் என்னிடம் மறைத்தாய். நிமோனியாவை மறைத்த மாதிரியே இதையும் மறைத்தாய். மூன்று மாதமாக ஒவ்வொரு நாளும் 'அம்மா வீடு கதகதப்பாக இருக்கிறது' என்று பார்த்துவிட்டுத் தூங்கினேனே, நான் பார்த்தது யாரோ ஒருவருடைய ரொட்டிப் பெட்டியை! ஞாயிற்றுக்கிழமை அந்த ஒன்றரை மணி நேரம் நீ செத்துவிட்டாய் என்று நினைத்தேன் அம்மா. டானா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாத்தேயோ என் முகத்தைப் பார்த்துப் பயந்து அழுதான்.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். பத்தொன்பதுக்குக் கீழே என்றேன், ஒன்பதே வந்துவிட்டது. மே முதல் வாரம் ஃபனிகாவின் வேனில் வருகிறேன். சாமான்களைக் கட்டி வை.

துடோரெல்


கலாட்ஸ்,
ஏப்ரல் 19

மதிப்பிற்குரிய திரு. துடோரெல் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் குடும்பத்தார் அனைவரும் சுகமாக இருப்பார்கள் என நம்புகிறேன். நான் மூன்றாம் மாடி பாண்டெலே. மனைவி போய் ஒன்பது வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. வேலைச் சீட்டைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் தவறு எண் ஒன்று. ஊருக்குப் போகும்போது சமையலறை ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து வைத்தது நான்தான். எரிவாயு வேலை செய்தவன் வெளியூர் போனால் குழாயை மூடுவான், பாய்லரை அணைப்பான், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பான். கை தானாகச் செய்துவிட்டது. அந்த ஜன்னலை ஒட்டிய ரொட்டிப் பெட்டிமேல் தங்கள் தெர்மோஸ்டாட் இருந்தது நினைவில் இல்லை. அதை அங்கே கொண்டுவந்தது உங்கள் அம்மா. மேல்வீடு காலியாகக் குளிர்ந்து பதினைந்துக்குப் போனால் நீங்கள் வேனோடு வந்துவிடுவீர்கள் என்று பயந்தார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன், உண்மையை எழுதச் சொன்னேன். எழுதுகிறேன் எழுதுகிறேன் என்பார், காகிதத்தை எடுப்பார், பிறகு "வாங்க, ஒரு ஆட்டம் போடலாம்" என்று சீட்டுக்கட்டை எடுத்துவிடுவார்.

தவறு எண் இரண்டு. அந்தப் பாலம். முப்பத்தோரு வருஷத்தில் ஆயிரத்துக்கு மேல் தெர்மோஸ்டாட் மாட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூடப் பாலத்தை எடுக்க மறந்ததில்லை. உங்கள் வீட்டிலும் மறக்கவில்லை. திருப்புளி கையில் இருந்தது, எடுக்கப் போனேன். அந்த நேரம் அவர் அடுப்படியிலிருந்து, "சர்மாலேவுக்குத் தயிர் போட்டுக்குவீங்களா?" என்று கேட்டார். ஒன்பது வருஷமாக என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வேலையை முடித்துவிட்டால் மறுபடி எந்த முகத்தோடு வருவது என்று நினைத்தேன். மூடியைச் சாத்திவிட்டேன்.

தொழிலுக்குச் செய்த துரோகம் இது ஒன்றுதான். தயவுசெய்து அவரிடம் சொல்லாதீர்கள். வேலை தெரியாதவன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, ஏமாற்றுக்காரன் என்று நினைத்துவிடுவார். மற்றபடி அவரைக் கூட்டிக்கொண்டு போவதானால் என்னால் தடுக்க முடியாது. ஆனால் என் வீடு குளிர்ந்துவிடும்.

தங்கள்,
பாண்டெலே


கலாட்ஸ்,
ஏப்ரல் 19

என் துடோரெலுக்கு,

இன்றைய வேனில் உனக்கு இரண்டு கடிதம் வரும். அவர் எழுதியதைக் காட்ட மாட்டேன் என்கிறார், கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். என்ன எழுதியிருந்தாலும் அவர்மேல் கோபப்படாதே.

நான் நலம். வெட்கமாக இருக்கிறது, மற்றபடி நலம். உன்னை அழவைத்துவிட்டேன். மன்னித்துவிடு என்று ஒரு முறைதான் எழுதுவேன், அதைப் பத்து முறையாக எடுத்துக்கொள்.

ஏன் மறைத்தேன்? பயம்தான். மேலே உன் அப்பாவின் படம் மாட்டியிருக்கிறது. முதலில் அதற்குச் சொல்ல வேண்டும், பிறகு உனக்கு. இரண்டுக்கும் வாய் வரவில்லை. கிரேன் கூண்டில் முப்பது மீட்டர் உயரத்தில் பயப்படாதவள் ஒரு காகிதத்துக்குப் பயந்தேன். உன் வீட்டில் எனக்குக் கட்டில் போட்டு, போர்வை போர்த்தி, பத்திரமாகப் பார்த்துக்கொள்வாய், தெரியும். ஆனால் அங்கே எனக்குச் சண்டை போட ஆள் இல்லையே. இங்கே ஒருவர் சீட்டில் ஏமாற்றுகிறார், நான் கத்துகிறேன், ஏழு மணிக்குச் சேர்ந்து சமைக்கிறோம். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன்.

வா. ஆனால் வேனை எனக்காகக் காலியாகக் கொண்டுவராதே. டானாவையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு வா.

இன்னும் ஒன்று இருக்கிறது, இனி எதையும் மறைக்கக் கூடாது என்பதால் சொல்கிறேன். அந்தப் பாலத்துண்டு. முதல் முறை அவர் வந்துபோன மறுநாள் காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன் என்று எழுதினேனே? அப்போதே அதைப் பார்த்துவிட்டேன். கிரேன் மின்பெட்டியில் அதே மாதிரி நூறு பார்த்தவள். இரண்டு விரலால் பிடுங்கி எறிந்திருக்கலாம். மூடியைச் சாத்தினேன், தலை வாரிக்கொண்டேன், கீழே இறங்கிப் போய் அவர் வேலை சரியில்லை என்று சண்டை போட்டேன். உன் கடிதம் வரும்வரை பத்து நாளுக்கு மேல் வெந்துபோனேன்டா! அவர் காற்றைப் பிடுங்குகிறார், பேட்டரி மாற்றுகிறார், நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

தான் மறந்துவிட்டதாக நினைத்து அவர் இன்றைக்கும் கூனிக் குறுகுகிறார். அவரிடம் சொல்லிவிடாதே.

உன் அம்மா


பிரெஷ்யா,
ஏப்ரல் 27

அன்புள்ள அம்மாவுக்கும், மரியாதைக்குரிய பாண்டெலே ஐயாவுக்கும்,

நாங்கள் நலம். இரண்டு கடிதமும் வந்தன. இரண்டையும் டானாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. என்ன விஷயம் என்று இரண்டு பேரும் என்னைக் கேட்கக் கூடாது. நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மே இரண்டாம் தேதி மூவரும் வருகிறோம். பத்து நாள் மேல்வீட்டில் தங்குவோம், அப்புறம் நாங்கள் மூவர் மட்டும் திரும்புவோம். பழைய தெர்மோஸ்டாட்டை அது இருக்க வேண்டிய நாலாம் மாடிக்கே கொண்டுபோய் வை, அம்மா.

இந்தப் பார்சலில் இன்னொரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. அது மூன்றாம் மாடிக்கு. தூங்கும் முன் ரொட்டிப் பெட்டியைப் பார்க்காவிட்டால் எனக்கு இப்போது தூக்கம் வருவதில்லை. ஐயாவே மாட்டட்டும், அம்மா பக்கத்தில் நின்று டார்ச் பிடிக்கட்டும்.

இரண்டே ஒயர், பத்து நிமிஷ வேலை. அவசரம் ஒன்றும் இல்லை.

உங்கள்,
துடோரெல்